அடுப்புகள் அணைந்த மதியம்

தொண்ணூறுகளின் நடுவில் கேரளத்தில், தம்பானூரில் ஒரு ஹோட்டலில் கேஷியராக இருந்தேன். அங்கே வேலை பார்த்த முப்பது பேரும் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். மொட்டைமாடியில் தகரக் கூரைக்குக் கீழே படுப்பார்கள். வார லீவு கிடையாது. முதலாளி கை நீட்டினாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேலைக்குத் திரும்புவார்கள்.

பெண்கள் லட்சக்கணக்கில் வந்து தெருவில் பொங்கலிடும் பொங்காலைத் திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு காலையில் ஊரிலிருந்து போன் வந்தது. புரோட்டா மாஸ்டரின் அம்மா இறந்துவிட்டாள். முதலாளியிடம் சொன்னேன்.

"இப்ப அவன்கிட்ட பறைய வேண்டா, கேட்டோ. பொங்காலை கழியட்டும்" என்றார்.

தலையாட்டினேன். அன்று முழுக்க மாஸ்டர் கல்லில் மாவு வீசுவதைப் பார்த்துக்கொண்டே பில் போட்டேன். மதியச் சாப்பாடு எனக்கு எப்போதும்போல இறங்கியது.

பொங்காலைக்கு மறுநாள் மதியம் மாஸ்டரின் தம்பி வாசலில் வந்து நின்றான். மொட்டைத் தலை.

"ஒனக்காக மறுநா வரைக்கும் போட்டு வச்சிருந்தோம்ண்ணே. பெறவு நான்தான் கொள்ளி வச்சேன்."

"யாருக்குலே?" என்றார் மாஸ்டர்.

அம்மா செத்த அன்றே போன் செய்ததைத் தம்பி சொன்னான். யாரும் கத்தவில்லை. டீ போடுகிறவர் ஸ்டவ்வை அணைத்தார். பிறகு ஒவ்வொரு அடுப்பாக அணைந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் பாதியில் எழுந்து போனார்கள். யாரோ ஷட்டரை இறக்கினார்கள். எல்லோரும் என் மேஜையைச் சுற்றி நின்றார்கள். முதலாளி, "போலீஸைக் கூப்பிடு" என்றார். நான் கூப்பிடவில்லை. தைரியத்தால் அல்ல, கை எழவில்லை.

"போனை எடுத்தது யாரு?" என்று தம்பி கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

அடிப்பார்கள் என்று நினைத்தேன். வயதான சப்ளையர் ஒருவர் குனிந்து என்னிடம் கேட்டார்: "எங்க வீட்டுல இருந்து ஏதும் வந்துச்சா அண்ணாச்சி? மறைக்காமச் சொல்லுங்க." அடுத்தவரும் அதையே கேட்டார். அதற்கடுத்தவரும். இத்தனை வருஷம் அடிக்கும் வசவுக்கும் எழாதவர்கள் எதற்கு எழுந்தார்கள் என்று அப்போது புரிந்தது. அடி ஒருவன் மேல்தான் விழும். ஊர்ச் சேதி வர எல்லோருக்கும் அந்த ஒரு போன்தான். கேட்ட எல்லோருக்கும் "இல்லை" என்று சொன்னேன். அப்போதும் எனக்குள் எதுவும் உறுத்தவில்லை.

ஹோட்டல் மூன்று நாள் திறக்கவில்லை. நாலாம் நாள் முதலாளி இறங்கிவந்தார். வாரம் ஒரு நாள் லீவு, படுக்க அறை, வீட்டிலிருந்து சேதி வந்தால் உடனே சொல்வது என எல்லாவற்றுக்கும் ஒத்துக்கொண்டார். மாஸ்டர் திரும்பி வரவேயில்லை.

அந்த லீவு எனக்கும் கிடைத்தது. முதல் லீவு நாளில் அறையில் படுத்து மத்தியானம் வரை தூங்கினேன்.