எர்கஷ் பரிமாறிய எண்பத்து மூன்று பக்கங்கள்

எர்கஷ் ஜப்பானிய மொழியைக் காதலித்துத் தேர்ந்தெடுத்தார் என்று அவருடைய மருமகன் கல்யாண வீடுகளில் சொல்லிவருகிறான். நம்ப வேண்டாம். தாஷ்கண்டில் கீழ்த்திசை மொழிகள் சொல்லித்தரும் கல்லூரியில் சேர அவர் போன அன்று, அரபிக்கான வரிசை படிக்கட்டில் இறங்கி, முற்றத்தைத் தாண்டி, வாசலில் சூரியகாந்தி விதை விற்ற பெண்மணி வரை நீண்டிருந்தது. ஜப்பானிய மொழிக்கு மூன்றே பேர். அதில் ஒருவன் கழிப்பறை எங்கே என்று கேட்க வந்தவன். வெயில் வேறு கொளுத்தியது. எர்கஷ் நிழல் இருந்த வரிசையில் போய் நின்றார். இலக்கிய வாழ்க்கைகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. மற்றதையெல்லாம் பிற்பாடு முன்னுரையில் சேர்த்துக்கொள்வார்கள்.

படித்த படிப்புக்குக் கிடைத்த வேலை சுற்றுலா வழிகாட்டி. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் ஜப்பானியர்களை சமர்கந்துக்கும் புகாராவுக்கும் கூட்டிப்போய், நீலக் குவிமாடங்களின் முன்னால் வரிசையாக நிறுத்தி, தொப்பி பறந்தால் ஓடிப் பிடித்துக் கொடுப்பார். சுட்டெரிக்கும் கோடையிலும் உறையும் குளிரிலும் யாரும் வரமாட்டார்கள். அந்த மாதங்களில் நாவல்களை உஸ்பெக்கில் மொழிபெயர்த்து அலமாரியில் அடுக்குவார். முப்பது வருடத்தில் பதினோரு நாவல் சேர்ந்துவிட்டது. அச்சானது சோவியத் காலத்தில் வந்த ஒரே ஒரு சிறுகதைத் தொகுப்பு. அதிலும் அவர் பெயர் கடைசிப் பக்கத்தில், எத்தனை பிரதி, எந்த ரகக் காகிதம் என்ற விவரங்களுக்கு நடுவே, எறும்பு வரிசையில் ஓர் எறும்பாகப் போய்க்கொண்டிருந்தது. மாமனார் பூதக்கண்ணாடி வைத்துத் தேடிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை, நீங்க காகித வியாபாரமா பண்றீங்க?" என்று கேட்டார்.

எனவே ஐம்பத்தெட்டாவது வயதில், ஜப்பானிய அறக்கட்டளை ஒன்று நாவல் ஒன்றை உஸ்பெக்கில் கொண்டுவர முன்வந்து, மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டபோது, எர்கஷ் அந்தக் கடிதத்தை ஏழு தடவை படித்தார். அட்டையில். முன்பக்கத்தில். கண்ணாடி போடாமலே தெரிகிற எழுத்தில். ஒரே ஒரு விஷயம்: மொழிபெயர்ப்பை மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் ஆள் வருவார்.

நாவலை எழுதியவர் ஒனுமா. ரயில்வேயில் ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், மனைவி இறந்தபின் கடலோர ஊரில் அறை எடுத்துத் தங்குகிறார். ஜன்னலைப் பார்க்கிறார். மழை பெய்கிறது. ஒஸாகாவிலிருந்து மகன் வருவதாகக் கடிதம் போடுகிறான். வரவில்லை. மழை நிற்கிறது. நூற்று அறுபது பக்கம். எர்கஷ் ஒரு சொல் கூடாமல் குறையாமல் மொழிபெயர்த்து, கணினியில் ஏற்றச் சொல்லி மனைவி ஹோசியத்திடம் கொடுத்தார். தொல்லை அங்கேதான் பிறந்தது.

ஹோசியத் பிரசவ ஆஸ்பத்திரியில் இருபத்தெட்டு வருடம் நர்ஸாக இருந்தவள். எது எப்போது வெளியே வர வேண்டும் என்பதில் அவளுக்குத் திட்டவட்டமான கருத்துகள் உண்டு.

"ஏங்க, பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டி உள்ள வர்றா. இவரு 'மழை'ங்கறாரு. அவ 'ஆமா'ங்கறா. போயிடறா. என்னங்க இது?"

"அதுதான் காட்சி."

"டீ எங்க?"

"டீ இல்லை."

"வீடு தேடி வந்தவளுக்கு ஒரு டீ இல்லையா? ரயில்வே பென்ஷன் வாங்கற மனுஷன்!"

"எழுதினவர் எழுதலை, ஹோசியத். நான் என்ன பண்றது?"

"டீ கொடுத்திருப்பாரு. எழுத மறந்திருப்பாரு. நீங்க அதை அப்படியே போட்டீங்கன்னா, படிக்கறவன் அவரையா காறித் துப்புவான்? உங்களைத்தான்."

ஒரு கோப்பை டீதானே என்று எர்கஷ் ஊற்றினார். டீயை மட்டும் வைத்து யாரையும் உட்காரவைக்க முடியாது, ரொட்டி வந்தது. ரொட்டியைப் பிய்த்துவைத்தால் பேச்சு வரும். அவள் மூட்டுவலி, அதற்கு இவர் சொன்ன மருந்து, அது கேட்கவில்லை என்று அவள் சொன்ன பதில். மூன்று பக்கம் போனதே தெரியவில்லை.

பதிப்பகத்தில் பிழை திருத்தும் மஸ்தூரா அக்கா அடுத்த வாரம் தொலைபேசியில் பிடித்துக்கொண்டாள். "வாத்தியாரே, ஒருத்தன் மீன் கடைக்குள்ள நுழையறான். சலாம் கிடையாது, சுகம் விசாரிக்கலை, புள்ளைங்க எப்படின்னு கேக்கலை. எடுத்த எடுப்புல மீன் இருக்கான்னு கேக்கறான். யாரு அவன், வரி ஆபீசரா?" அந்த நாவலில் நாற்பத்தொரு தடவை யாராவது எங்காவது நுழைகிறார்கள். நாற்பத்தொரு தடவையும் சுகம் விசாரிக்கப்பட்டது.

கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் ஹோசியத் தட்டச்சை நிறுத்தினாள்.

"அந்தப் பய வருவானா, மாட்டானா?"

"மாட்டான்."

எர்கஷ் வீட்டில் இரண்டு நாள் அடுப்பு எரியவில்லை. மூன்றாம் நாள் மதியம் ஒஸாகா ரயில் வந்து நின்றது, மகன் இறங்கினான். பெற்ற பிள்ளை வந்தால் புலாவ் போடாமல் முடியுமா? கிழவருக்குக் கேரட் நறுக்கத் தெரியாது, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட வேண்டும், அவள் தங்கையைக் கூட்டிவருவாள். புலாவ் மட்டும் பதினோரு பக்கம் வெந்தது. கணக்குப் பார்த்தால் இருநூற்று நாற்பத்து மூன்று பக்கம். மோசடி என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அவர்கள் வீட்டில் விருந்தாளிக்கு என்ன நடக்கிறதோ.

ஒப்பிட்டுப் பார்க்க வந்தவர் குவபாரா என்ற நாற்பது வயதுப் பெண்மணி. முன்கூட்டியே அனுப்பிய பிரதியை முழுக்கப் படித்துவிட்டு, அதைப் பையில் வைத்துக்கொண்டு எர்கஷ் வீட்டுக்கு வந்தார். உஸ்பெக் மொழியைப் புத்தகங்களில் மட்டுமே படித்தவர். வாயைத் திறந்தால் செய்தித்தாள் தலையங்கம் எழுந்து நடப்பதுபோல இருக்கும். பையைத் திறக்கவிடாமல் ஹோசியத் மூன்று மணி நேரம் பரிமாறினாள். மஸ்தூரா அக்காவும் வந்திருந்தாள்.

"எடுத்துக்கம்மா, நீ சாப்பிடவே இல்லையே!"

"நான் ஏற்கெனவே பெருமளவில் உண்டுவிட்டேன்" என்றார் குவபாரா.

"கோழி கொத்தற மாதிரி கொத்தினா அதுக்குப் பேரு சாப்பாடா? இன்னொரு துண்டு!"

ஒருவழியாகப் பை திறந்தது. குவபாரா பேசினார். "தங்கள் ரொட்டி மிகவும் அழகாக உள்ளது. தோட்டத்து மாதுளையும் சிறப்பு. இப்பிரதியின் காகிதம் உயர்ந்தது. எழுத்தின் அளவு கண்ணுக்கு இதமளிக்கிறது. பக்க எண்கள் யாவும் வரிசையாக உள்ளன." தலை தாழ்த்தி வணங்கினார்.

"பாத்தீங்களா!" என்று மஸ்தூரா அக்கா எர்கஷின் முதுகில் ஒன்று வைத்தாள். "எவ்வளவு பாராட்டு!"

எர்கஷ் கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தார். முப்பது வருடம் ஜப்பானியர்களோடு பேருந்தில் போனவர் அவர். பிடிக்காத ஓட்டலில் அவர்கள் ஜன்னல் திரையைப் புகழ்வார்கள், சாவிக்கொத்தைப் புகழ்வார்கள், அறையைப் பற்றி மட்டும் பேசமாட்டார்கள். குவபாரா பக்க எண் வரைக்கும் வந்துவிட்டார். மொழிபெயர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அட்டையிலிருந்து தன் பெயர் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறுவதை அந்தக் கூட்டத்தில் அவர் ஒருவர்தான் பார்த்தார்.

கார் வரை கொண்டுவிடப் போனபோது எர்கஷ் ஜப்பானிய மொழியில் கேட்டார்: "எப்போது கிளம்புறீங்க?"

"சனிக்கிழமை."

"சனிக்கிழமைக்குள்ள நூற்று அறுபது பக்கம் தர்றேன்."

குவபாரா முதல்முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். சொந்த மொழியில் அவருக்குத் தலையங்கம் வரவில்லை. "மகன் ரயில்லேர்ந்து இறங்கற இடத்துல நான் அழுதுட்டேன், எர்கஷ் ஸான். ஆனா ஒனுமா அவனை வரவிடலையே."

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னதும் ஹோசியத் கையிலிருந்த தட்டை வைத்தாள்.

"என்ன சொல்றீங்க? பாராட்டிட்டுத்தானே போறா?"

"காகிதத்தைப் பாராட்டிட்டுப் போறாங்க."

"அப்ப டீயை எடுக்கணுமா?"

"எல்லாத்தையும்."

"புலாவ்?"

"அதையும்தான்."

"உங்க பேரு அட்டையில வரணுங்கறதுக்காக, வந்த புள்ளையைத் திருப்பி ரயில்ல ஏத்தறீங்க. அந்தக் கிழவர் மூஞ்சியை எப்படிப் பாப்பீங்க?"

எர்கஷ் கணினி முன்னால் போனார். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, சலாம்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினார். மறுநாள் மதியம் ஹோசியத் அவரைத் தள்ளி உட்காரச் சொன்னாள். "நகருங்க. நீங்க எடுக்கற லட்சணத்துல தையல் தெரியுது." ரொட்டியையும் மூட்டுவலியையும் அவளே வெட்டினாள். புலாவ் பக்கங்களுக்கு வந்தபோது ஒரு தடவை முழுக்கப் படித்துவிட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு பொத்தானை அழுத்தினாள். வெள்ளிக்கிழமை பிற்பகல் அஸர் தொழுகைக்கு முன்னால் மகன் மறுபடியும் வராமல் போனான்.

இலையுதிர் காலத்தில் புத்தகம் வந்தது. ஒனுமாவின் பெயருக்குக் கீழே அதே அளவு எழுத்தில் எர்கஷின் பெயர். அவர் அதைப் பத்தடி தள்ளி வைத்துப் பார்த்தார், இருபதடி தள்ளி வைத்துப் பார்த்தார், தெரிந்தது. அக்கம்பக்கத்து மஹல்லா முழுவதற்கும் தெரிந்தது. முடிதிருத்தும் போத்திர் கத்தியைக் கழுத்தில் வைத்துக்கொண்டே கேட்டான்:

"வாத்தியாரே, இப்படியா எழுதுவீங்க? வந்தவளுக்கு ஒரு டீ கொடுக்க மனசு வரலையா?"

"எழுதினவர் ஜப்பான்காரருப்பா."

"அட்டையில உங்க பேருல்ல இருக்கு!"

கத்தி கழுத்தில் இருந்ததால் எர்கஷ் மேற்கொண்டு விவாதிக்கவில்லை.

பிறகு பதிப்பகத்து முகவரிக்குக் கடிதங்கள் வரத் தொடங்கின. கோகண்டிலிருந்து ஒரு மில் மெக்கானிக்: "மகன் கிடக்கிறான், விடுங்கள். எங்கள் வீட்டில் முன்னறை காலியாக இருக்கிறது. ஜன்னல் உண்டு. மழைதான் அவ்வளவாகப் பெய்யாது, பெரியவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்." நமங்கனிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை, தன் அக்கா விதவை, வயது ஐம்பத்தேழு, பல் எல்லாம் சொந்தப் பல், பெரியவருக்குச் சம்மதமா என்று கேட்டிருந்தாள். ஒரே மாதத்தில் பத்தொன்பது கடிதம். எண்பத்து மூன்று பக்கம் எழுதியும் எர்கஷ் அந்தக் கிழவரை இவ்வளவு பேர் வீட்டில் உட்காரவைத்திருக்க முடியாது.

"இது கதை, அப்படி ஒருத்தர் கிடையாதுன்னு எல்லாருக்கும் ஒரே மாதிரி பதில் போட்டுடறேன்" என்று பேனாவை எடுத்தார்.

"போடுவீங்க, போடுவீங்க" என்றாள் ஹோசியத். "ஒருத்தன் அறையைக் கூட்டிப் பெருக்கி வச்சிருக்கான். அவன்கிட்ட போய் ஆளே இல்லைம்பீங்களா? பெரியவர் சுகம், சலாம் சொன்னார், குளிர் போகட்டும், அப்புறம் வர்றாராம்னு எழுதுங்க."

"பொய் எழுதச் சொல்றியா?"

"மொழிபெயர்த்து எழுதுங்க."

எர்கஷ் கோகண்டுக்கு எழுதினார். குளிர் போகட்டும் என்று எழுதினார். நமங்கன் கடிதத்துக்குக் கை போனபோது ஹோசியத் அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அது உங்களுக்கு வராது. அந்த அம்மா ஏற்கெனவே யாரைக் கட்டியிருந்தா, அவரு எப்படிப்பட்டவருன்னு முதல்ல விசாரிக்கணும்."