முடுக்கில் திரும்பிய பீரோ

எங்களிடம் கார் கிடையாது. என் கணவருக்கு ஓட்டத் தெரியாது, எனக்குக் கற்றுக்கொள்ளும் எண்ணமும் இல்லை. இருந்தாலும் நாகர்கோவிலைச் சுற்றி நாங்கள் வீடு தேடி அலைந்த காலத்தில், எந்த வீட்டைப் பற்றிச் சொன்னாலும் உறவுக்காரர்கள் கேட்ட முதல் கேள்வி, "வாசல் வரைக்கும் வண்டி போவுமா?" என்பதுதான். கூரை ஒழுகுமா, கிணற்றில் தண்ணீர் உண்டா, பத்திரத்தில் வில்லங்கம் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. இல்லாத காருக்கு இடம் தேடியதில் என் செருப்புதான் தேய்ந்தது.

புரோக்கருக்கு இந்தக் கேள்வி மனப்பாடம். "வண்டி வாசல்ல வந்து நிக்கும்" என்பார். போய்ப் பார்த்தால் வண்டி நிற்பது வேறு யாருடைய வாசலிலோ இருக்கும். நமக்குக் காட்டும் வீட்டுக்கு அங்கிருந்து வாழைத்தோப்பு வழியாக நடக்க வேண்டும். "அமைதியான இடம்" என்று அவர் சொன்னால் மதிலுக்கு அந்தப் பக்கம் கல்லறைத் தோட்டம். "நல்ல காத்தோட்டம்" என்றால் ஜன்னலுக்குக் கதவு இல்லை. மனிதர் பொய் சொல்லவில்லை, அதை மட்டும் ஒத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரு அடுக்களையும் அதற்கு ஒரு பின்வாசலும். அப்போது ஒரு வீட்டின் மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் சாளை மீன் பொரித்தால் போதும், கீழே வீட்டுக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்துக்கு வந்துவிடுவார். வீடு பேசி முடித்த அன்று மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடிவந்த பிறகு வேறு பேச்சே இல்லை. ஜன்னலையெல்லாம் மூடிக்கொண்டு, திருடியைப் போல நெத்திலி வறுத்திருக்கிறேன். சந்தையில் பேரம் பேசி வாங்கிய மீனை இப்படிச் சமைப்பதைவிடப் பெரிய அவமானம் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அப்படியிருக்கும்போதுதான் அந்த வீடு அமைந்தது. ஒரு முடுக்குச் சந்தின் கடைசியில் இருந்தது. இரண்டு பக்கமும் மார்பளவு மதில். எதிரெதிரே இரண்டு பேர் குடை பிடித்து வந்தால் ஒருவர் குடையை மடக்க வேண்டும், அவ்வளவுதான் அகலம். நடுவில் ஒரு வளைவு வேறு. ஆனால் அடுக்களைக்குப் பின்வாசல் இருந்தது. வெளியே கிணறும் முருங்கையும். அங்கே நின்றபடி மனசுக்குள் ஒரு சட்டி சாளை பொரித்து இறக்கிவிட்டேன். கணவருக்கும் பிடித்தது. பத்திரம் பார்த்த வக்கீலும் ஒன்றும் குறை சொல்லவில்லை.

மாமா சொன்னார். என் கணவரின் அப்பா, எங்களோடுதான் இருந்தார். வளைவு வரைக்கும் வந்தவர் அதற்குமேல் நடக்கவில்லை.

"வண்டி வராது. இந்த வீடு வேண்டாம்."

"எந்த வண்டி மாமா? நமக்குத்தான் வண்டியே கெடயாதே."

"வரும், ஒருநாளு."

என் கணவர் அதைக் கேட்டு, தனக்குக் கார் வாங்கும் யோகம் இருப்பதாக எடுத்துக்கொண்டார். எனக்கு மாமா சொன்ன வண்டி எதுவென்று புரிந்துவிட்டது.

மாமி இறந்தது அந்த வாடகை மாடியில்தான். சவப்பெட்டியை மேலே ஏற்ற முடியவில்லை, படிக்கட்டு திரும்பும் இடத்தில் மாட்டிக்கொண்டது. சரித்துப் பார்த்தார்கள், நிமிர்த்திப் பார்த்தார்கள். கடைசியில் பெட்டியை ரோட்டில் நின்ற சவ வண்டியின் பக்கத்திலேயே வைத்துவிட்டு, மாமியைப் போர்வையில் பொதிந்து இறக்கினார்கள். பாடிக்கொண்டிருந்த சபையார் பாட்டை நிறுத்திவிட்டார்கள். "பாத்து, பாத்து" என்ற சத்தம் மட்டும் கேட்டது. மாமா மாமியின் மூக்குக்கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கி வந்தார். அவர் அழவில்லை. அவமானப்பட்டவர் முகம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். அதன் முன்னால் என் நெத்திலி அவமானம் ஒன்றுமே இல்லை.

அதனால் அவரிடம் வாதாட எனக்கு வாயில்லை. வீட்டை விடவும் மனசில்லை. புரோக்கர் தினமும் போன் போட்டு, துபாய்க்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனதாகப் பயம் காட்டினார். அந்தத் துபாய்க்காரர் நாங்கள் பார்த்த எல்லா வீட்டையும் பார்த்தவர், ஒன்றையும் வாங்காதவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கிணற்றுத் தண்ணீரையாவது குடித்துப் பார்ப்போம் என்று சொல்லி மாமாவை மறுபடி அழைத்துப்போனேன். முடுக்கில் நுழைய வழியில்லை. நடுவில் ஒரு வீட்டில் கல்யாணம். புதுப்பெண்ணின் இரும்பு பீரோ வளைவில் மாட்டிக்கொண்டு நின்றது. தூக்க நாலு பேர், யோசனை சொல்லப் பத்துப் பேர். மாமா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"ஏலே, இடுப்புல வச்சா எப்பிடித் திரும்பும்? தோளுக்கு ஏத்து. மதிலுக்கு மேல திரும்பிப் போயிரும்."

"கனம் தாங்காதே, பெரியவரே."

"அப்ப இன்னும் நாலுபேர விளி."

விளிக்கவே வேண்டியிருக்கவில்லை. ஒருவர் சோற்றுக் கையோடு வந்தார், ஒருவர் தலையில் எண்ணெய் வழிய வந்தார். பீரோ தோளில் ஏறி, மதிலுக்கு மேலாகத் திரும்பி, உரசாமல் போய்விட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் மாமாவை உட்காரவைத்துக் காப்பியும் ஏத்தன்பழமும் கொடுத்தார்கள். எனக்கும் ஒரு பழம் கிடைத்தது.

கிணற்றுத் தண்ணீரை யாரும் குடித்துப் பார்க்கவில்லை. மாமா திரும்ப அந்த வளைவுக்கு வந்து மதில்மேல் கைவைத்து நின்றார்.

"பெட்டி திரும்பும்" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. "வீடு வாங்க வந்த எடத்துல என்ன பேச்சு மாமா இது?"

"உள்ளதத்தான் சொன்னேன் மக்கா. தூக்க ஆளும் உண்டு." மதிலைத் தடவிக்கொண்டே, "அவளையும் இப்படி ஒரு வழியா கொண்டு போயிருக்கலாம்" என்றார். நான் அங்கே நின்றபடியே புரோக்கருக்குப் போன் போட்டேன்.

குடிவந்த மறுநாள், முன்வாசலையும் பின்வாசலையும் திறந்து போட்டுக்கொண்டு சாளை பொரித்தேன். முடுக்கு முழுக்க மணத்தது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டி, என்ன மசாலா என்று கேட்டாள். மாமா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இனி அந்தப் பேச்சு எடுக்கப்பிடாது மாமா" என்றேன். "ஒரு அவசரமும் இல்ல."

"எனக்கென்ன அவசரம்? வழி பாத்தாச்சில்லா" என்று தட்டை நீட்டினார். "நீ இன்னும் ரெண்டு சாளை வை."