அரைக்கால் கணக்கு

ஐந்தாம் வகுப்பில், ஒரு வாரத் தேர்வில், 0.4-ஐ 0.2-ஆல் பெருக்கி 0.8 என்று எழுதியிருந்தேன். அதே மாதிரி இன்னும் ஐந்து கணக்கு. மிஸ் ஆறையும் சிவப்பில் அடித்து இருபதுக்கு எட்டு போட்டிருந்தார்.

அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. கல்கத்தாவில் பெஹாலா குவார்ட்டர்ஸில் என் படிப்பைப் பார்த்துக்கொண்டது அம்மாதான். தஞ்சாவூர்ப் பக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், கணக்கில் தான் எப்போதும் முதல் என்று அடிக்கடி சொல்வாள். பயந்துகொண்டேதான் தாளை நீட்டினேன். அவள் என்னைத் திட்டவில்லை.

"நாலு ரெண்டு எட்டுதானே? புள்ளியும் வச்சிருக்கே. எதுக்கு அடிச்சிருக்கா?"

"0.08-னு வருமாம்மா."

"பெருக்கினா கூடத்தானே செய்யும்? எங்கயாவது குறையுமா? நாளைக்கு நான் வரேன்."

வேண்டாமென்று கெஞ்சினேன். பலிக்கவில்லை. மறுநாள் நல்ல மழை. டிராமில் வந்து இறங்கி, பாதி நனைந்த புடவையோடு, பள்ளி விடும் நேரத்துக்குச் சரியாக வகுப்பு வாசலில் நின்றாள். அம்மாவுக்குத் தெரிந்த வங்காளி மொழி காய்கறிக் கடையைத் தாண்டாது. இங்கிலீஷ் பேசக் கூச்சம். மிஸ்ஸுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. அதனால் இருவருக்கும் நடுவில் நின்று மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

"உங்க மிஸ்ஸுக்குப் பெருக்கல் தெரியுமான்னு கேளு," என்றாள் அம்மா.

அம்மாவுக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் புரியவில்லை என்று நான் வங்காளியில் சொன்னேன்.

மிஸ் சிரித்து, "போஷுன் தீதி," உட்காருங்கள் அக்கா, என்று முதல் பெஞ்சைக் காட்டினார். என்னை மாதிரிப் பிள்ளைகளுக்கான தாழ்ந்த பெஞ்சு அது. அம்மா முழங்கால் இடிக்க அதில் உட்கார்ந்தாள். மிஸ் போர்டில் பெரிய சதுரம் போட்டு, குறுக்கே பத்து, நெடுக்கே பத்து என நூறு கட்டமாகப் பிரித்தார். இது முழுசும் ஒன்று. பத்தில் நாலு பங்கு அகலம், பத்தில் இரண்டு பங்கு உயரம். அந்த மூலையைச் சாக்பீஸால் தீட்டினார். எட்டுக் கட்டம். நூறில் எட்டு.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே அது விளங்கியது. முந்தைய வாரம் வகுப்பில் இதே சதுரத்தைப் பார்த்தபோது விளங்காதது.

அம்மா போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாக, "அரைக்கால்," என்றாள்.

"என்னம்மா?"

"நாம அரைக்கால்னு சொல்றோம்ல. காலில் பாதி. அரையையும் காலையும் பெருக்கினா அரைக்கால். அது காலைவிடச் சின்னதுதானே. இதை அவங்ககிட்ட சொல்லு."

சொன்னேன். மிஸ் உடனே 0.5-ஐயும் 0.25-ஐயும் போர்டில் எழுதிப் பெருக்கினார். 0.125. எட்டில் ஒன்று. அந்தச் சொல்லை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டு, வங்காளி எழுத்தில் தன் நோட்டில் குறித்துக்கொண்டார். "உன் அம்மா நன்றாகக் கணக்குப் போடுகிறார்," என்று என்னிடம் சொன்னார். அதை மட்டும் ஒரு சொல் மாற்றாமல் மொழிபெயர்த்தேன்.

திரும்பும்போது டிராமில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அம்மா முந்தானையைப் பிழிந்துகொண்டாள்.

"பள்ளிக்கூடத்தை விட்டுப் பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. எல்லாம் மறந்து போயிருக்கு," என்றாள். பிறகு, "நான் முதல்ல கேட்டதை அப்படியேவா சொன்னே?"

"இல்லம்மா. மாத்திட்டேன்."

"நல்லவேளை," என்று என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். புடவையில் மழை ஈரம் இருந்தது.

அன்றிலிருந்து கணக்குப் புத்தகம் எங்கள் இருவருக்கும் பொது. பகலில் பள்ளியில் எனக்குக் கணக்கு வகுப்பு இல்லாத நாட்களில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்வாள். சாயங்காலம் நான் வரும்போது, பால் கணக்கு எழுதும் காலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் பயிற்சி முழுவதையும் போட்டு முடித்திருப்பாள். விடைகளை ஒத்துப் பார்ப்போம். ஒத்துப்போகாதவற்றுக்குச் சண்டை போடுவோம். என் பள்ளி நாட்களிலேயே அந்தச் சாயங்காலங்கள்தான் எனக்கு மிகவும் பிடித்தவை.

அடுத்த தேர்வில் பதினாறு வாங்கினேன். தப்பான இரண்டும் நாங்கள் சண்டை போட்ட வகைக் கணக்குகள். அம்மா சொன்ன வழிதான் சரி. அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அப்பா வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொல்லிவிட்டாள்.