மூன்றா, ஆறா?

போன ஞாயிற்றுக்கிழமை காலை. இட்லிக்கு ஊற்றிவிட்டு நிமிர்கிறேன் — வாசலில் கலைச்செல்வி. பிளஸ் டூவில் என்னிடம் கெமிஸ்ட்ரி படித்தவள். இப்போது இங்கே விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனி லேபில் வேலை. புருஷன் ஆட்டோ கவிழ்ந்து காலொடிந்து கிடக்கிறான். இவள் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடுகிறது.

“இந்தக் கணக்கு சரியான்னு பாருங்க டீச்சர்” என்று செல்போனை நீட்டினாள்.

புதிதாக வந்த களிமண்ணில் இரும்பு எவ்வளவு என்று டைகுரோமேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு டைட்ரேஷன் செய்திருக்கிறாள். இரும்பு அதிகமானால், வெள்ளையாக வரவேண்டிய வாஷ்பேசின் சூளையிலிருந்து பழுப்பேறி வரும். இவள் கணக்கில் இரும்பு எக்கச்சக்கம். மேனேஜர் கணக்கிலோ அதில் சரிபாதி — மண் பாஸ்!

எங்கே உதைக்கிறது? பார்த்ததுமே தெரிந்துவிட்டது. குரோமியத்தின் ஆக்சிஜனேற்ற எண் ஆறிலிருந்து மூன்றுக்கு இறங்குகிறது. மாற்றம் மூன்று. ஆனால் டைகுரோமேட்டில் குரோமியம் இரண்டாயிற்றே! இரண்டால் பெருக்கி ஆறு போட வேண்டும். மேனேஜர் மூன்றோடு நிறுத்திவிட்டார்; அதனால்தான் பாதி. வருஷா வருஷம் என் பிள்ளைகள் கோட்டை விடுகிற அதே இடம். மறந்து நிறுத்தினாரா, தெரிந்தே நிறுத்தினாரா... அவருக்கே வெளிச்சம்.

“நீ போட்டதுதான்டி சரி. ஆறு!” என்றேன், பெருமையாக.

அவள் முகம் சுண்டிப்போனது.

“மண்ணு லோடு லோடா வந்து எறங்கிடுச்சு டீச்சர். மூணு போட்டுக் கையெழுத்துப் போடு, இல்லன்னா வேலைக்கு வராதேங்கிறாரு. போட்டா, சரக்கு கெட்டதும் என் தலையிலதான் விடியும். போடலைன்னா வூட்டுல அடுப்பு எரியாது. நான்தான் தப்பாப் போட்டிருக்கேன்னு நீங்க சொல்லிடுவீங்கன்னு நம்பி ஓடியாந்தேன்...”

செல்போனை மறுபடி என் பக்கம் நீட்டினாள்.

“மூணுன்னு சொல்லிடுங்களேன் டீச்சர்.”

சரியான விடை போட்டவள், தப்பென்று சொல்லச் சொல்லிக் கெஞ்சி நான் பார்த்ததே இல்லை. “ஆறுதான்மா” என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெண்டு இட்லி சாப்பிட்டுப் போ என்றதற்கும் அவள் நிற்கவில்லை.

திங்கட்கிழமை ஆறு போட்டுத்தான் கையெழுத்திட்டாள். மறுநாளே அந்த நாற்காலியில் வேறொரு பெண். அவள் மூன்று போட்டுக் கையெழுத்திட்டுவிட்டாளாம். சரக்கு சூளைக்குப் போய்விட்டது.

வயிற்றெரிச்சலில் சொல்கிறேன் — மொத்தமும் பழுப்பாக வரட்டும்! இப்படிச் சொன்ன பிறகுதான் உறைக்கிறது... அப்போது மாட்டப்போவது மேனேஜர் இல்லை. கையெழுத்துப் போட்ட அந்தப் பெண்.

அவளும் என்னிடம் படித்தவள்தான்.