பெத்ரோனிலாவின் மாவு மில்

"பேரைச் சொல்லு, அப்புறம் அரைக்கிறேன்."

பெத்ரோனிலா மில் சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறாள். சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளத்தைத் தலையில் சுமந்து வந்த புதுமருமகள் முழிக்கிறாள். வெளியூரில் இருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், பாவம்.

"தொமிங்கா சென், ஆறு வயசு" என்று பின்னாலிருந்து யாரோ கிசுகிசுக்கிறார்கள்.

"சொல்லிக் குடுத்தா உன் சோளம் நாளைக்குத்தான்!"

குவாத்தமாலா மலையில் உள்ள சிபாக் கிராமத்தில், ராணுவம் கொன்றுபோட்டவர்களில் ஒருவரின் பெயரைச் சொன்னால்தான் இந்த மில் ஓடும். பாடப்புத்தகத்தில் அந்தப் படுகொலையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால் அவள் மில்லையே பள்ளிக்கூடமாக்கிவிட்டாள்.

"ரொட்டி சுட நேரமாவுது பெரியம்மா!"

"எங்கம்மாவும் அன்னைக்கு ரொட்டிதான் சுட்டுக்கிட்டிருந்தா."



அன்றைக்குப் பத்து வயதுப் பெத்ரோனிலா மாவரைக்கப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தாள், அதனால் பிழைத்தாள். தபால்காரனானாலும் சரி, சீருடை போட்ட எவனுக்கும் அவள் இதுவரை வணக்கம் சொன்னதில்லை. உயிர் பிழைத்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு தலைநகருக்குப் போய் நியாயம் கேட்டுத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறாள். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை. ஏன் ஆற வேண்டும்?

போன மாதம் அரசாங்கம் ஒருவழியாக இறங்கிவந்தது. இழப்பீடாக ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரி, கூடவே ஒரு நினைவுக்கல். கல்லில் 'மோதலில் உயிரிழந்தோருக்கு' என்று வெட்டுவார்களாம். ஒப்புக்கொண்டால் இரண்டும் வரும், மறுத்தால் இரண்டும் கிடையாது.

"வாங்கிக்கலாம்க்கா. என் முழங்காலா கல்லைப் படிக்கப்போவுது?" என்றாள் கர்மெலா. அவளும் அன்று தப்பியவள்தான்.

"மோதல்னா ரெண்டு பக்கமும் அடிச்சிருக்கணும்டி. என் தம்பி லீனோவுக்கு அஞ்சு வயசு. அவன் எதால அடிச்சான், பம்பரத்தாலயா?"



ஊரின் சம்மதம் கேட்கக் கூட்டிய கூட்டத்தன்று அரசாங்க அதிகாரி ஒவால்யே வந்து பார்த்தால், முன்வரிசை முழுக்கப் பாலர் பள்ளியின் குட்டி நாற்காலிகள், அத்தனையும் காலி. ஊர் மொத்தமும் பின்னால் நின்றது. முழங்காலைப் பிடித்தபடி கர்மெலாவும் நின்றாள்.

"பெரியவங்க நிக்கிறாங்களே, இது யாருக்கும்மா?"

"உங்ககூட மோதினவங்களுக்கு."

ஒவால்யே கனைத்துக்கொண்டு கல்லின் வாசகத்தைப் படிக்கத் தாளை எடுத்தார். பெத்ரோனிலா ஒரு நாற்காலியைத் தூக்கிவந்து அவருடைய காலடியில், அவரைப் பார்த்தபடி போட்டாள்.

"லீனோ, அஞ்சு வயசு. இவன்கிட்ட படிச்சுக் காட்டுங்க" என்று சொல்லி, சால்வை நுனியால் அதன் இருக்கையைத் துடைத்துவிட்டாள்.