பக்கத்துக் காம்பரா அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த விளக்கம்

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஊக்கமாக நாலு வார்த்தை பேசுங்கள் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். நானும் போகிறேன். மாலை போடுவார்கள், தேத்தண்ணி கொடுப்பார்கள். பதினேழு கதை திரும்பி வந்தது, பதினெட்டாவது அச்சில் வந்தது, அதனால் விடாதீர்கள் என்று சொல்வேன். கைதட்டுவார்கள். சொன்னதில் பொய் ஒன்றுமில்லை. அந்தப் பதினெட்டாவது கதை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் எந்த மேடையிலும் சொன்னதில்லை.

ராகலைக்கு மேலே ஒரு தோட்டம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எட்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடைப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தகரப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் கதை எழுதுவேன். எழுதியதைக் கொழும்புப் பத்திரிகைக்கு அனுப்புவேன். அது திரும்பி வரும்.

வருவது நேரே என் கைக்கு வந்தாலும் பரவாயில்லை. தோட்டத்தில் யாருக்குத் தபால் வந்தாலும் ஆபீசுக்குத்தான் வரும். காலையில் பெரட்டுக் களத்தில், ஆள் எண்ணி வேலைக்குப் பிரித்துவிடும் இடத்தில், எல்லார் முன்னாலும் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். நீளமான உறையைக் கண்டாலே கொழுந்துக்காரிகள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். "கட்டிக்குடுத்த புள்ள திரும்பி வந்திருச்சுப்பா" என்று ஒருவன் சொல்வான். அதை வாங்கி மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஸ்டோருக்கு நடப்பேன். என் அம்மாவுக்கு அந்த உறைகளில் ஒரே ஒரு சந்தோஷம், அடுப்பு மூட்டக் கடுதாசிக்குப் பஞ்சமில்லை.

அப்படியும் நான் விடாமல் எழுதியதற்குக் காரணம் வைராக்கியம் என்று மேடையில் சொல்கிறேன். வைராக்கியமாவது ஒன்றாவது. அறைகளை வரிசையாகக் கட்டிய எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவே இருந்த சுவர் கூரை வரை போகாது. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கத்திலிருந்து "நூறு" என்பார்கள். எழுதுவதை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பது என் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக் கதையில் நிறுத்திவிட்டுப் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலாக ஒரு குரல் வந்தது.

"அப்புறம் என்னாச்சு தம்பி?"

பக்கத்துக் காம்பரா அண்ணன். கவ்வாத்துக்காரர். தேயிலையை மட்டமாக வெட்டி மறுபடி தளிர்க்க வைக்கும் வேலை. என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கையெழுத்துப் போடவும் தெரியாது, பெருவிரல்தான். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், வந்து குந்திக்கொள்வார். நான் படிப்பேன். பாராட்டவும் மாட்டார், குறை சொல்லவும் மாட்டார். நிறுத்தினால் "அப்புறம்?" என்பார். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பதினேழு கதை எழுதினேன். பதிலுக்கு அவருக்கு நான் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நாடு சுதந்திரம் வாங்கியதும் எங்களுக்குக் கிடைத்தது இதுதான்: நீங்கள் இந்தியாவிலிருந்து வந்த கூட்டம், இந்த நாட்டுப் பிரஜை இல்லை. இங்கேயே தொடர்ந்து இருந்தவன் என்று நிரூபிக்கிறவன் பிரஜாவுரிமைக்கு மனுப் போடலாம் என்றார்கள். டவுனில் ஒருவர் படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். கூடவே வைக்கும் விளக்கத்தை எழுத ஆள் வேண்டியிருந்தது. பெரட்டில் என்னைக் கேலி செய்தவர்கள் எல்லாம் "தம்பி, எனக்கும் ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று வாசலில் வந்து நின்றார்கள். முப்பது குடும்பத்துக்கு எழுதினேன். அந்த மாதங்களில் எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று ஒப்புக்கொள்கிறேன்.

அண்ணன் கடைசியாக வந்தார். அவருக்கு இந்தப் பிரஜாவுரிமைப் பத்திரம் மற்றவர்களைவிட அவசரம். ராகலைப் பக்கம் அரசாங்கம் காணி பிரித்துக் கொடுக்கப்போவதாகப் பேச்சு இருந்தது. பிரஜைகள்தான் கேட்கலாம். ஒரு கால் ஏக்கர் போதும், லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்டு லயத்தை விட்டு வெளியே போய்விடலாம் என்று அவரும் மதினியும் பேசிக்கொள்வது சுவருக்கு மேலாக எனக்குத் தினமும் கேட்கும். எந்த மூலையில் மாட்டுக் கொட்டில் என்பதுவரை முடிவாகியிருந்தது.

அவர் மனுவில் ஒரே ஒரு சிக்கல். இரண்டாவது உலகச் சண்டைக்குக் கொஞ்சம் முந்தி, தகப்பனார் சாகக் கிடக்கிறார் என்று கடுதாசி வந்து துறையூர்ப் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறார். அதை மறைக்க முடியாது, கப்பல் ஏறினதற்குப் பதிவு இருக்கும். திரும்பி வந்தபோது முந்திய தோட்டத்தில் பெயரை வெட்டியிருந்தார்கள், வேறு தோட்டத்தில்தான் வேலைக்குச் சேர்ந்தார். அந்தத் தோட்டத்துப் பழைய பெயர்ப் புத்தகம் கறையான் தின்று போயிருந்தது. வந்து இறங்கின சீட்டும் தொலைந்துவிட்டது, எப்போது திரும்பினார் என்பதற்கு அவர் வாய்தான் சாட்சி.

"நான் போயி ஆறாம் மாசம் அய்யா செத்தாருங்க" என்று சொன்னார். "ஏழாம் மாசம் நான் கெளம்பிட்டேன். இங்க பேரை வெட்டிருவோம்னு கங்காணி சொல்லியனுப்பிட்டாரு. தலைத்தெவசத்துக்கு இருக்க முடியல. மூத்த மகன் நான் இருக்க, சின்னவன் செஞ்சான்." இதைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

மற்ற முப்பது பேருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினேன். இவருக்கு மட்டும் நன்றாக எழுத வேண்டும் என்று நினைத்தேன். இவர் என் வாசகர் அல்லவா. கப்பலை எழுதினேன், கட்டிலில் கிடந்த தகப்பனை எழுதினேன், தண்ணீர் விட்ட கடைசி வாயை எழுதினேன். பேனா தானாக ஓடியது. அடுத்த மாதமே மகன் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்புகிறான் என்ற இடத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அப்படி அழுத மகன் அப்படிக் கிளம்புவானா? எழுதிப் பார்த்தேன், அடித்தேன். பிறகு இப்படி எழுதினேன்: தகப்பனாரின் தலைத்திவசம் முடியும்வரை அந்த மண்ணை விட்டுக் காலெடுத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை.

அவருக்குப் படித்துக் காட்டினேன். மதினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தது, முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டது. அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்படித்தான் இருந்திருக்கணும் தம்பி" என்றார். "அப்படியே இருக்கட்டும்." பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை படித்துக் காட்டிய கதை ஒன்றுக்கும் அவர் கண்ணைத் துடைத்ததில்லை.

ஒரே தடவையில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தவன், தொடர்ந்து இருந்தவன் ஆகமாட்டான் என்று விதி. அதை நான் படித்திருந்தேன், முப்பது பேருக்கும் சொல்லியுமிருந்தேன். ஆறு மாதமும் ஒரு வருஷமும் சேர்ந்தால் எத்தனை என்று கூட்ட எட்டாம் வகுப்பு தேவையில்லை. அந்த நேரம் எனக்கு அது தோன்றவில்லை. யாரும் இதை நம்ப வேண்டிய அவசியமில்லை, நானே பல நாள் நம்பியதில்லை.

விசாரணைக்குக் கடிதம் வர வருஷங்கள் ஆயின. நுவரெலியாவில் ஒரு கந்தோர், அரசாங்க ஆபீஸ். அண்ணன் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டார், மதினி கொண்டை போட்டுப் பூ வைத்துக்கொண்டது. ராகலையிலிருந்து பஸ்ஸில் மூன்று பேரும் போனோம். அந்த மண்டபத்தில் நம் சனம் நூறு பேராவது பெஞ்சுகளில் காத்துக்கொண்டிருந்தது. துறையூர்ப் பக்கத்துக்காரர்கள் சிலர் அண்ணனைக் கண்டு தலையசைத்தார்கள்.

விசாரணை அதிகாரி இங்கிலீஷில் கேட்டார். பக்கத்தில் யாழ்ப்பாணத்து முதலியார் ஒருவர் தமிழில் மாற்றிச் சொன்னார். அவர் கையில் என் விளக்கம். அதை உரக்க வாசித்தார். நல்ல குரல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி வாசித்தார். என் எழுத்தை இன்னொருவர் வாயால் கேட்பது அதுதான் முதல் தடவை. பெஞ்சில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு பொம்பளை மூக்கைச் சிந்தியது. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவருடைய காணி போய்க்கொண்டிருந்தது, நான் என் நடை எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

தலைத்திவசத்தில் வந்து முதலியார் நிறுத்தினார். அதிகாரி என்னவோ கேட்டார்.

"போய் எத்தனை மாசத்தில் திரும்பினீர்?" என்றார் முதலியார்.

"ஏழு மாசத்துலங்க."

"அப்போ தகப்பன்ர திவசத்துக்கு நீர் அங்கே நிக்கேல்லையோ? இதில நின்றதாக எழுதியிருக்கு. கடிதம் சரியோ, நீர் சொல்லுறது சரியோ? யோசித்துச் சொல்லும்."

முதலியார் கெட்டவர் இல்லை. யோசித்துச் சொல்லும் என்பதை இரண்டு தடவை சொன்னார். அண்ணன் திரும்பி மண்டபத்தைப் பார்த்தார். தெரிந்த முகங்கள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இத்தனை பேர் முன்னால், பெற்ற தகப்பனுக்குத் திவசம் செய்யாமல் கூலி வேலைக்கு ஓடி வந்தவன் நான் என்று ஒரு மூத்த மகன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் பத்திரம்.

"கடுதாசியில இருக்கிறதுதாங்க சரி" என்றார்.

நான் எழுந்து நின்றிருக்கலாம். அது நான் கட்டியது, அவர் சொன்னதில்லை என்று சொல்லியிருக்கலாம். பொய் எழுதுகிறவன் என்று பெயர் வந்தால் மற்ற முப்பது பேருடைய மனுவும் கெட்டுப்போகும் என்று நினைத்தேன். அது ஒரு காரணம்தான். நூறு பேர் வாயடைத்துக் கேட்ட எழுத்தைப் பொய் என்று நானே சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பது இன்னொன்று. எது பெரிய காரணம் என்று எனக்குத் தெரியும், சொல்லப்போவதில்லை.

மனு தள்ளுபடி என்று கடிதம் வந்தது. அதையும் பெரட்டில்தான் பெயர் சொல்லிக் கொடுத்தார்கள், நான்தான் அவருக்குப் படித்துச் சொன்னேன். அப்பீல் போடலாம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். மதினி உள்ளேயிருந்து சொன்னது: "நீங்க எழுதினது போதும் தம்பி."

எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்தது. எனக்காக நான் எழுதிய விளக்கம் மூன்றே வரி. இங்கே பிறந்தேன், இங்கே படித்தேன், வெளியே போனதில்லை. என்னைப் பற்றி அழகாக எழுத ஒன்றும் இருக்கவில்லை, தப்பித்தேன்.

அந்தக் காணி அண்ணனுக்குக் கிடைத்திருக்குமா என்று கேட்டால், நம் ஆட்களுக்கு யார் தூக்கிக் கொடுக்கப்போகிறார்கள். ஆனால் கேட்கிற உரிமை இருந்திருக்கும். அதுவும் இல்லாமல் அவர் மறுபடி கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனார். சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டில் பேச்சு நின்றுவிட்டது.

நான் எழுதுவதை நிறுத்தவில்லை. இதைத்தான் விடாமுயற்சி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை முன்னைவிட உரக்கப் படித்தேன். அண்ணன் இஸ்தோப்புக்கு வருவார், குந்துவார், கேட்பார். நிறுத்தினால் ஒன்றும் சொல்லமாட்டார். வேண்டுமென்றே முக்கியமான இடத்தில் நிறுத்திப் பார்ப்பேன். அப்போதும் சொல்லமாட்டார். எனக்குக் கோபம்கூட வந்தது, அவர்மேல்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், படித்துப் பார்க்காமல், உதடு அசையாமல் ஒரு கதை எழுதினேன். கவ்வாத்துக்காரன் ஒருவன், அவன் தகப்பன், ஒரு மனு, ஒரு மண்டபம். பத்திரிகை மூன்றாவது வாரமே ஏற்றுக்கொண்டது. இந்தியாவும் இந்த நாடுமாக இரண்டு அரசாங்கங்களும் பேசி எங்கள் ஆட்களைத் தலையெண்ணிப் பங்கு போட்டுக்கொண்ட செய்தி வந்த சமயம் அது. பத்திரம் இல்லாதவர்கள் கப்பல் ஏற வேண்டியிருக்கும் என்று லயமெல்லாம் பேச்சு. அப்படிப்பட்ட கதைக்கு அப்போது கிராக்கி.

அச்சில் வந்ததை அவருக்குத் தெரியாமல் வைத்திருக்கலாம். என்னால் முடியவில்லை. முதல் அச்சு அல்லவா, அதைக் கேட்க எனக்கிருந்த ஒரே ஆள் அவர்தானே. இஸ்தோப்பில் உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. யார் கதை என்று முதல் பத்தியிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது, தலையைக் குனிந்துகொண்டார். மண்டபம் வந்தது, கடுதாசி வந்தது. முடித்துவிட்டுப் பத்திரிகையை மடித்தேன்.

பல வருஷமாக ஒன்றும் கேட்காதவர் அன்றைக்கு என்னிடம் ஒரு கதையைப் பற்றிக் கேள்வி கேட்டார்.

"இதுலயாச்சும் அந்த ஆளுக்கு குடுத்தாங்களா தம்பி? கடைசி எனக்கு சரியா வெளங்கல."

"இல்லண்ணே. தள்ளிட்டாங்க."

"குடுத்திருக்கலாமே. எழுதுறது நீங்கதானே."

"அப்படி எழுதினா ஒருத்தரும் நம்பமாட்டாங்கண்ணே" என்றேன்.

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் நம்பியிருப்பேன் தம்பி" என்றார்.