முத்துசெல்வி பிடித்த லைட்டு

கழுகுமலையில் வீடியோக்காரர் ஜெயகிருஷ்ணனைத் தெரியாதவர்கள் கிடையாது. அவர் பெண்டாட்டி முத்துசெல்வியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், "யாரு, லைட்டுக்காரியா?" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் எழுத்துப் படிக்காதவள். சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நயமாக்கிவிட வேண்டாம்.

தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்த பிள்ளை, கல்யாணமாகி எங்கள் அடுத்த வீட்டுக்கு வந்தாள். அப்போது ஜெயகிருஷ்ணனிடம் இருந்தது பெரிய கேமரா. ஆட்டுக்குட்டி கனம் இருக்கும், தோளில்தான் சுமக்க வேண்டும். அதற்கு வெளிச்சம் காட்ட இன்னொரு ஆள் வேண்டும். வெளி ஆள் எதற்கு, வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே என்று இவள் கையில் லைட்டைக் கொடுத்தார்கள். தலைக்கு மேல் தூக்கிய கையை அவள் இறக்கப் பல வருஷம் ஆயிற்று.

அந்த லைட்டுக்குப் பக்கத்தில் நீங்கள் நின்றிருக்கிறீர்களா? சித்திரை வெயிலில் கிடக்கிற கரிசல்கூட அப்படிக் காந்தாது. வலது முழங்கையில் சுட்ட தழும்பு அவளுக்கு இன்னும் இருக்கிறது. காலைச் சுற்றி வயர் கிடக்கும். ஓடி விளையாடுகிற பிள்ளைகள் அதில் தடுக்கி விழுந்தால் ஏச்சு இவளுக்கு. தாலி தெரிய வேண்டும், மாப்பிள்ளை மோதிரம் தெரிய வேண்டும், மொய் வைக்கிறவர் மீசை தெரிய வேண்டும். இவள் மட்டும் தெரியக் கூடாது. தெரியாமல் குறுக்கே வந்துவிட்டால், "ஏட்டி, தள்ளி நில்லு!" என்று யாரோ ஒருத்தர் அதட்டுவார். பந்தியில் சாப்பிடுகிறவன் வாய்க்குள் வரைக்கும் வெளிச்சம் காட்டுகிறவளுக்கு, ஒரு வாய் சோறு சூடாகக் கிடைத்ததில்லை. இவளுக்கு இலை போடும்போது பாயச வாளி காலியாகிக் கவிழ்ந்து கிடக்கும். இது என்ன நியாயம்?

ரெண்டாயிரம் பிறந்து மூன்று நாலு வருஷம் கழித்துத்தான் விடிவு வந்தது. டிஜிட்டல் கேமரா விலை இறங்கி, எங்கள் பக்கத்து ஆட்களும் வாங்கலாம் என்றாயிற்று. ஜெயகிருஷ்ணன் பழையதைத் தள்ளிவிட்டு மதுரையில் போய்ப் புதிது வாங்கி வந்தார். ஒரு கைக்குள் அடங்குகிறது. பக்கவாட்டில் சின்னக் கதவு மாதிரி ஒன்று. திறந்தால் பிடித்த படம் அந்த இடத்திலேயே ஓடுகிறது. பகல் விசேஷம் என்றால் லைட்டே வேண்டாம். பந்தலுக்குள் வருகிற வெளிச்சம் அதற்குப் போதும்.

"ஆச்சி, இனிமே என் கைக்கு லீவு" என்று முத்துசெல்வி வந்து சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அந்த மாசம் உள்ளூரிலேயே என் மகள் வெள்ளைத்தாய் வீட்டில், பேத்தி வயசுக்கு வந்த சடங்கு. தாய்மாமன் என் மகன் கொம்பையா. மேளம், வேட்டு, தட்டுத் தட்டாகச் சீர் என்று குளத்தூரில் இருந்து வேன் பிடித்து வந்து இறங்கினான். ஜெயகிருஷ்ணன் பிள்ளையார் கோவிலில் இருந்தே முன்னும் பின்னுமாக நடந்து எல்லாவற்றையும் பிடித்தார். சீரை இறக்கியதும் ஒரு பக்கம் பந்தி தொடங்கியது. விசேஷத்துக்கு வந்தவளாக, நல்ல சேலை கட்டி வந்திருந்த முத்துசெல்வியை நானே கையைப் பிடித்துப் போய் உட்கார வைத்தேன். மாமன் மாலை போட வேண்டியதுதான் பாக்கி. பிள்ளை மணையில் உட்கார்ந்திருக்கிறாள். கொம்பையா மாலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறான். போடவில்லை.

"லைட் எங்க வே?" என்றான் ஜெயகிருஷ்ணனைப் பார்த்து.

"இந்தக் கேமராவுக்கு லைட் வேண்டாம் அண்ணாச்சி. எல்லாம் படத்துல விழுந்திருக்கு."

"லைட் அடிக்காம எப்படி விழும்? எங்க ஊர்க்காரன் அம்புட்டுப் பேரும் கேக்கான், மாமன் சீரை வீடியோ எடுக்கலையான்னு."

ஜெயகிருஷ்ணன் அந்தச் சின்னக் கதவைத் திறந்து காட்டினார். கொம்பையா குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"இத்தனை தட்டுச் சீரையும் உம்ம தீப்பெட்டிக்குள்ள அடைச்சிட்டீராக்கும்? லைட் வரட்டும். பெறவு மாலை போடுதேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஜெயகிருஷ்ணனுக்கு முகம் சுண்டிப் போயிற்று. நாலு ஊர் ஆட்கள் கூடியிருக்கிற இடம். பேர் கெட்டால் பிழைப்புப் போய்விடும் என்ற பயம். நேரே பந்திக்குப் போனார். "ஏட்டி, எந்திரி. வீட்டுல போய் லைட்ட எடுத்துட்டு வா." அவள் அப்போதுதான் சாம்பாருக்குச் சோற்றைப் பிசைந்திருந்தாள். கையை இலையிலேயே உதறிவிட்டு எழுந்துவிட்டாள். அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ ஆங்காரம்.

"உக்காருட்டி! சாப்பிடுத பிள்ளைய எழுப்பவா உம்மைய வரச் சொன்னேன்? ஏலே கொம்பையா, லைட் வேணுமாக்கும்?"

"வேணும்."

"அப்பம் உம் பொண்டாட்டி பிடிக்கட்டும்."

மருமகள் பெருமாயி பட்டுச்சேலையில் முன்னால் நின்றிருந்தாள். "என்னத்தே இப்படிச் சொல்லுதீங்க? நான் லைட் பிடிச்சா வீடியோவுல எப்படித் தெரிவேன்?"

"அதத்தான்ட்டி நானும் கேக்கேன்!"

கொம்பையா மாலையைப் பிள்ளை கழுத்தில் போட்டான். போட்ட கையோடு வேனில் ஏறிவிட்டான். கை நனைக்காமல் போகிறானே என்று பெற்ற வயிறு எரியத்தான் செய்தது. ஆனாலும் கூப்பிடவில்லை. லைட்டுக்காரிக்காக ஆத்தா என்னைச் சபையில் அவமானப்படுத்தினாள் என்று இப்போதும் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். திரியட்டும்.

அவன் ஒருத்தன் என்றால் விட்டுவிடலாம். அதற்குப் பிறகு போகிற வீடெல்லாம் இதே பேச்சு. தன் மேல் வெளிச்சம் விழாவிட்டால் தன்னை மதிக்கவில்லை என்று நினைக்கிற சனம் இது. ஒரு நாள் ஜெயகிருஷ்ணன் என்னிடம் வந்து புலம்பினார். "லைட் இல்லேன்னா வேற ஆளைப் பாக்கோம்ங்காவ ஆச்சி. நான் என்ன செய்ய? இவளும் வர மாட்டேங்கா."

முத்துசெல்வி பின்னாலேயே வந்து நின்றாள். "யாரு வர மாட்டேன்னு சொன்னா? லைட்ட நீங்க பிடிங்க. கேமராதான் இப்பக் கனமில்லையே, அத நான் பிடிக்கேன்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் அவர் எங்கே திரும்புவார், எதைப் பிடிப்பார் என்று பார்த்துப் பார்த்து வெளிச்சம் காட்டியவளுக்குப் படம் எடுக்கத் தெரியாதா? அடுத்த முகூர்த்தத்தில் இருந்து அப்படித்தான் நடக்கிறது. முதல் கல்யாணம் முடிந்த அன்றே ஜெயகிருஷ்ணன் தோள்பட்டைக்குத் தைலம் கேட்டு என் வீட்டுக்கு வந்தார். கொடுத்தேன், ஆனால் பாவம் என்று சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் பாருங்கள், பெண்ணைப் பெற்றவர்கள் நேரே ஜெயகிருஷ்ணனிடம்தான் போகிறார்கள். "அண்ணாச்சி, தாலி கட்டுதத நல்லா எடுங்க. விட்டுராதீங்க" என்று கெஞ்சிக் கேட்கிறார்கள். கேமராவோடு முன்னால் நிற்கிற பெண்பிள்ளை அவர்கள் கண்ணில் படவே படாது! இரண்டு கையும் லைட்டோடு மேலே இருக்கிறதால், அவர் நாடியைத் தூக்கி அவள் பக்கம் காட்டுகிறார்:

"எங்கிட்டச் சொல்லாதீங்க. அங்கன சொல்லுங்க."